நின்ற தட்டின் மேல் ஊசி

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இசைத்தட்டில் சின்னதாக ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்துக்குள்தான் அது முதலில் கேட்டது. டொப். ஈரத் துணியைச் சுருட்டித் தரையில் போட்டது மாதிரி, மந்தமாக, ஒரே ஒரு தரம்.

தூசி என்று நினைத்தான். தட்டைத் துடைத்து அதே இடத்தில் மறுபடி ஊசியை வைத்தான். மௌனம் சுத்தமாக இருந்தது. ஒழிந்தது என்று சாய்ந்து உட்கார்ந்தால், அடுத்த மௌனத்தில் டொப். வேறு தட்டைப் போட்டான். அதில் ஒன்றுமே இல்லை. திருப்பிப் போட்டதும் நடுவில் எங்கேயோ டொப், டொப். கீறல் என்றால் ஒரே இடத்தில் கேட்க வேண்டும். கோளாறு என்றால் அதற்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும். இது நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது, முன்பணம் வாங்கிய கொத்தனார் மாதிரி.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்று இழுப்பவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அவனே வீட்டில் டர்ன்டேபிளின் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். சத்தம் இருக்கிறதா, இல்லையா? போன மாதத்தைவிட மோசமா, அதே அளவா? ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆசையாகப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தவன், பாட்டை விட்டுவிட்டுப் பாட்டுகளுக்கு நடுவில் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைத்தெருவில் பழைய ரெக்கார்டு விற்பவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தாடியை எடுத்துப் பல வருஷமாகியும் பெயர் போகவில்லை. அவர் கேட்டவுடனே சொல்லிவிட்டார்.

"கார்ட்ரிட்ஜுக்கு வயசாயிடுச்சு சார். ஊசி மழுங்கிட்டா இருக்கறது சரியா கேக்காது."

"மாத்தினா சரியாயிடுமா?"

"மாத்தினா நல்லா கேக்கும்."

"அதைத்தான் கேக்கறேன், அந்தச் சத்தம் போயிடுமா?"

"நல்லா கேக்கும்னுதானே சார் சொல்றேன்."

கார்ட்ரிட்ஜ் என்பது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெட்டி. ஊசியைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்; ஊசிக்குப் படுகிற துடிப்பையெல்லாம் ஒலியாக மாற்றிக் கொடுப்பதும் அதுதான். இந்தத் துண்டை மாற்றலாமா வேண்டாமா என்று அவன் வாரக்கணக்கில் அல்லாடினான். போனில் தேடிப் படித்தான். ஒருவன் மாற்று என்றான், ஒருவன் ஸ்பீக்கரை மாற்று என்றான், இன்னொருவன் காதைக் காட்டச் சொன்னான். காதையும் காட்டினான். காது பழுதில்லை என்றார் டாக்டர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. டர்ன்டேபிளுக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க. சாப்பிடும்போதும் அதையே மென்னுட்டு இருக்காதீங்க."

"உனக்கு அந்தச் சத்தம் கேக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

"எனக்கு உங்க சத்தம்தான் கேக்குது."

கடைசியில் தாடியே இரக்கப்பட்டு, நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கையில் கொடுத்தார். "வெச்சுக் கேட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா கொண்டாந்து கொடுத்துடுங்க. ஆனா இனிமே என்கிட்ட சரியாயிடுமான்னு மட்டும் கேக்காதீங்க."

கண்ணாடிச் சட்டம் முடுக்குகிற குட்டி ஸ்க்ரூ டிரைவர் அதற்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. மகள் டார்ச் பிடித்தாள். ஐந்தாம் வகுப்பு, வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். முடி போன்ற நான்கு கம்பிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக மாட்டும்போது, மூச்சு விட்டால் அறுந்துவிடும் என்று அப்பாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஊசி இறங்கியது. பாடகி வாயைத் திறப்பதற்கு முன் உதடுகள் பிரிகிற ஈரம் கேட்டது. வயலினின் வில் நரம்பில் படுவதற்கு முன் காற்றில் நகர்வது கேட்டது. தபேலாக்காரர் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொள்வதுகூடக் கேட்டது. இத்தனை வருஷமும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். "நல்லாத்தான் இருக்கா என் சக்களத்தி," என்றாள்.

பாட்டு முடிந்தது. மௌனம் வந்தது. அதற்குள் அதுவும் வந்தது.

இப்போது அது ஈரத் துணி இல்லை. அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன. முதலில் கனமாக ஏதோ ஊன்றுகிறது. பிறகு மிச்சம் மெதுவாகத் தரையில் படிகிறது. முதலில் குதிகால். பிறகு பாதம்.

அவனுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக இருக்கிறதே என்று மறுநாளே தாடியிடம் போய் நின்றான்.

"தரையோட அதிர்வு சார்," என்றார் தாடி. "ஊசிக்கு எது தட்டு, எது வீடுன்னு தெரியாது. எல்லாத்தையும்தான் எடுக்கும். நல்ல ஊசின்னா இன்னும் நல்லா எடுக்கும். தட்டைச் சுத்த விடாம நிறுத்திட்டு, ஊசியை மட்டும் மேல வெச்சு, சத்தத்தைக் கூட்டிப் பாருங்க. வீட்டுல பூனை நடந்தாக்கூடக் கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைச் செய்து பார்த்தார்கள். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் அவனிடம் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்பாள் மனைவி. நின்ற தட்டின் மேல் ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பிரிட்ஜின் முனகல் கடலடியிலிருந்து வருவதுபோல வந்தது. மனைவி நடந்தாள்: குறுகிய, அவசரமான அடிகள், இடது கால் கொஞ்சம் அழுத்தம். குட்டி நடந்தாள்: நடையே இல்லை, தத்தல்.

குட்டிக்கு இது பிடித்துப்போய்விட்டது. அவன் கண்ணைத் திறக்கக் கூடாது. யார் நடப்பது என்று சொல்ல வேண்டும்.

"குட்டி," என்றான். சரி. "அம்மா." சரி. "குட்டி, நுனிக்கால்ல." அதுவும் சரி. பிறகு உள் அறைப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு நடை. குதிகால், பாதம். குதிகால், பாதம். ஒவ்வோர் அடிக்கும் நடுவில், இடத்தை யோசித்து வைப்பதுபோல ஒரு தாமதம். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"யாரு இது, கிழவன் மாதிரி நடக்கறது? குட்டி, ஏமாத்தாத. அம்மாதானே?"

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தான். குட்டி அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மனைவி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருமே நடக்கலப்பா," என்றாள் குட்டி. "நாங்க எப்பவோ நின்னுட்டோம்."

ஹெட்போனில் அந்த நடை இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றது.

மனைவி வாங்கிக் காதில் மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெகுநேரம் வைத்திருந்தாள், ஒன்றுமே இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனதும் ஒழுங்காக ஓடுகிற வண்டி மாதிரி. "தெருவுல லாரி போயிருக்கும். இல்லேன்னா தண்ணி மோட்டார்," என்றாள். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா, இருந்த நிம்மதியும் போச்சு. கொண்டுபோய்க் கொடுத்துடுங்க அதை."

"லாரி குதிகாலை ஊனி நடக்காதுடீ."

"குழந்தை முன்னால என்ன பேச்சு இது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டவனுக்கும் கேட்காதவளுக்கும் நடுவில் என்ன வாதம் செய்வது? கோபத்தை எங்கே காட்டுவதென்று தெரியாமல் அவன் டர்ன்டேபிளைப் படுத்தினான். அடியில் ரப்பர் வில்லைகள் வைத்தான். கருங்கல் பலகை ஒன்றை மூச்சிரைக்கத் தூக்கி வந்து அதன் மேல் ஏற்றினான். சுவரோரமிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றினான். லாரி குறைந்தது. மோட்டார் குறைந்தது. பிரிட்ஜ் அடியோடு போயிற்று. நடை மட்டும் துடைத்துவைத்த கண்ணாடியில் தெரிவதுபோல இன்னும் தெளிவாயிற்று.

மத்தியான வேளையில் கடையை மூடிவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வருவான். மனைவி வேலையில் இருப்பாள், குட்டி பள்ளிக்கூடத்தில். ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமலே வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஒரு வீம்பு. வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக வடிந்து தரையில் கிடந்தது. ஆம்ப்ளிஃபயர் சூடேறி மெல்லிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. காதுக்குள் வீட்டின் வெறுமை, பெரிய பானைக்குள் வாயை வைத்தால் கேட்கிற அந்த உறுமலற்ற உறுமல், விரிந்துகொண்டே போனது. அது இவ்வளவு பெரிய வீடா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள் அறையில் தொடங்கியது.

குதிகால். பாதம். நடைபாதையில் திரும்பியது. அங்கே ஓர் ஓடு கொஞ்சம் ஆடும். மிதித்தால் 'களுக்' என்னும். களுக் என்றது. அவன் அசையவில்லை. குதிகால். பாதம். சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. நேராக வரலாமே, எதற்குச் சுற்ற வேண்டும் என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது. மேசை அங்கே இருப்பது அதற்குத் தெரிகிறது என்று மறுகணம் புரிந்தது.

நின்றுவிட்டது. நாற்காலிக்குப் பின்னால்.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தான். மேசை. தண்ணீர்ச் சொம்பு. காலி நடைபாதை. எங்கோ தூரத்தில் ஒரு காகம். ஒன்றும் இல்லை. அப்படியே ஹெட்போனை மறுபடி மாட்டினான்.

நடை இல்லை. ஆனால் மௌனமும் இல்லை. வெகுநேரம் நிற்பவர்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொள்வார்களே, அந்த மெல்லிய அழுந்தல். இந்தக் கால். அந்தக் கால். இந்தக் கால். அவசரமே இல்லாமல்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்குப் போனவன், மனைவி வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு அதைக் கொடுத்துடறேன்," என்று மட்டும் சொன்னான். "அப்பாடா," என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். குட்டியைத் தனியாக விட மனமில்லாமல் அவன் கடைக்குப் போகவில்லை. ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததில் வீடு சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது. குட்டி சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவன் கார்ட்ரிட்ஜைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தான். திருகாணியின் காடியில் முனை உட்காரவே மாட்டேன் என்றது.

"அப்பா, கழட்டறதுக்கு முன்னால எனக்கு ஒரு தடவை. நீ நடப்பியாம், நான் சொல்வேனாம்."

"வேண்டாம்."

"எப்பவும் நீயே கேக்கற. ஒரே ஒரு தடவைப்பா."

"வேண்டாம்னா வேண்டாம்! ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு?" கத்திவிட்டான். அவள் முகம் சுருங்கியது. அவனுக்கு அவன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. தாடி. வீட்டுக்குள் எப்போதுமே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசல் கூரைக்கு அடியில் போய் நின்று பேசினான்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா? வேற ஒருத்தர் கேக்கறார்."

"திருப்பிக் கொடுத்துடறேன். பழசையே போட்டுக்கறேன்."

"ஏன் சார், நல்லா கேக்கலையா?"

அவனுக்கு அழுகை மாதிரி ஒன்று வந்தது. யாரிடமாவது சொன்னால் தேவலை போல இருந்தது. சொன்னான். குரலைத் தாழ்த்தி, மழையை மீறி, எல்லாவற்றையும் சொன்னான். தட்டு நின்றிருக்கும்போது கேட்பதை. மேசையைச் சுற்றுவதை. பின்னால் வந்து நிற்பதை. தாடி சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"சார், ஊசிக்குக் கற்பனை கிடையாது," என்றார் மெதுவாக. "பழசைப் போட்டா உங்களுக்குக் கேக்காது, அவ்வளவுதான். அது நடக்கறது நிக்காது. இப்ப வீட்டுல யாரு இருக்காங்க?"

காற்று அடித்தது. பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளிருந்து பூட்டு 'க்ளிக்' என்றது.

தானாகவே பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே. சனியன் பிடித்த பூட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு மணியை அழுத்தினான். உள்ளே மணி அடிப்பது அவனுக்கே கேட்டது. யாரும் வரவில்லை. "குட்டி!" மறுபடி அழுத்தினான். வைத்த விரலை எடுக்காமல் அழுத்தினான். பிறகு மழையில் இறங்கி ஜன்னல் பக்கம் ஓடினான்.

கம்பிகளுக்கும் கண்ணாடிக்கும் அப்பால் ஹால் தெரிந்தது. அவனுடைய நாற்காலியில் குட்டி. தலையில் அந்தப் பெரிய ஹெட்போன். கண்கள் இறுக மூடியிருந்தன. நின்ற தட்டின் மேல் ஊசி இறங்கியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபத்தை விட்டுவிட்டு அப்பா ஆட்டத்துக்கு வந்துவிட்டார் என்ற நினைப்பில்.

"உள் ரூம்!" என்றாள். ஹெட்போன் போட்டவர்கள் பேசுவதுபோல உரக்க. கண்ணாடி வழியாகவே கேட்டது. "சரியாப்பா?"

"குட்டி! கழட்டு! அதைக் கழட்டு!"

கதவுக்கு ஓடினான். தோளால் மோதினான். அசையவில்லை. மறுபடி மோதினான். எலும்பு விண்ணென்றது. ஜன்னலுக்கு ஓடிவந்தான்.

"ஏன்ப்பா குதிக்கற? ஊசி எகிறிடும்," என்று சிரித்தாள். "இப்ப... ஆடற ஓடு. கேட்டுடுச்சு!"

ஜன்னலை அறைந்தான். சுவரைக் குத்தினான். அவன் அடித்த அடியெல்லாம் அவளுக்கு அப்பாவின் குதிப்பாகவே போய்ச் சேர்ந்தது. அடிக்க அடிக்க அவள் சிரித்தாள். அவன் கையை நிறுத்தினான்.

அவளுடைய ஆள்காட்டி விரல் நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. மெதுவாக. தட்டு. தாமதம். தட்டு.

"மேசை."

தட்டு.

"மேசைக்கு இந்தப் பக்கம்."

அவன் பார்த்தான். மேசைக்கு இந்தப் பக்கம் வெறும் தரை. இருட்டு. மழை வெளிச்சத்தில் பளபளக்கிற ஓடுகள். தட்டு. கீழே கிடந்த பூந்தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினான். தட்டு. மண் அவன் முகத்தில் கொட்டியது. தட்டு.

விரல் நின்றது.

"போதும்ப்பா," என்றாள் குட்டி, கூச்சத்தோடு தோளைக் குறுக்கிக் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டு. "ரொம்பக் கிட்ட வந்துட்ட."

கண்ணைத் திறக்கவில்லை. ஆட்ட விதி.

அவள் வலது காதின் மேலிருந்த ஹெட்போன் மெல்ல விலகியது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. வட்டமான அந்தக் கறுப்பு மூடி காதைவிட்டு நகர்ந்து, ஒரு விரற்கடை தூரத்தில், காற்றில் அப்படியே நின்றது. காதோரத்து முடிக்கற்றை பின்னுக்கு ஒதுங்கியது. குட்டி கண்ணை மூடியபடியே, புன்னகை மாறாமல், ரகசியம் சொல்ல வருகிறவர்களுக்குக் காதைக் கொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.